பெயர்தின்னிகள்

ராஜபாளையம்,
ஆடி, 1944

அன்புள்ள உங்களுக்கு,

பர்மாவில் உங்களைக் காணவில்லை என்று தந்தி வந்த பிறகு இந்த வீட்டில் யாரும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. நான் கல்யாணமான நாளிலிருந்தே சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்த மாயாஜால நாவலின் புதிய பாகம் வந்தது. அதில் பெயர்தின்னிகள் மலையிலிருந்து இறங்குகின்றன. வீட்டார் சொல்லாமல் விட்ட பெயரைத் தின்றுவிட்டு, அந்த ஆளின் குரலிலேயே வாசலில் வந்து கூப்பிடுகின்றன. வாய்விட்டுச் சொல்ல ஒருவர் இருக்கும்வரை அந்தப் பெயர் அவற்றுக்குக் கிட்டாது.

அதனால் இன்று நடுப்பகலில் உங்கள் பெயரை உரக்கச் சொன்னேன்.

"ஏட்டி, புருசன் பேரச் சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்லா!" என்று அத்தை என் வாயைப் பொத்தினார்.

அப்போது பின்கதவுக்கு வெளியே உங்கள் குரல், "வாரேன்ம்மா" என்றது.

"எம்மவன் வந்துட்டான், கதவத் தொற ஏட்டி!" என்று அத்தை அழுகிறார். நான் கதவில் முதுகை முட்டுக்கொடுத்தபடி இதை எழுதி அடியில் தள்ளுகிறேன். நீங்களாக இருந்தால், பெயர் சொல்லாத நான் உங்களை எப்படிக் கூப்பிடுவேன் என்று எழுதித் திருப்பித் தள்ளுங்கள்.

இல்லையென்றால், அந்தக் குரலில் அத்தையை இன்னொரு தடவை கூப்பிடாமல் போய்விடு.

கதவுக்கு உள்ளே இருப்பவள்