கடைசி அழைப்பு

அன்புள்ள வெண்டலுக்கு,

அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எப்போது திரும்புவேன் என்று தெரியாது.

தீயணைப்பு நிலையங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வுபெறும் தலைவரைக் கடைசியாக ஒருமுறை ரேடியோவில் கூப்பிடுவார்கள். அவர் வாய் திறக்கக் கூடாது. "பதில் இல்லை, அவர் வீட்டுக்குப் போயிட்டார்" என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்லி முடித்துவைப்பார்கள். ஒற்றை வண்டியோடு நம் ஊர் நிலையத்தை நீ தொடங்கிய நாளிலிருந்து நான் காத்திருந்தது அந்த வாக்கியத்துக்குத்தான்.

உன் ஓய்வு விழாவில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து டார்லா கூப்பிட்டாள். அவள் முடிப்பதற்குள் "சொல்லு டார்லா, கிளம்பிட்டேன்" என்றாய். கூடியிருந்த ஊரே சிரித்தது. "விடுங்க அண்ணி, பழக்கதோஷம்" என்றார் உன் தம்பி. கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்துவைத்தேன்.

அவள் முகத்தைக்கூட நீ சரியாகப் பார்த்ததில்லை என்பாய். தெரியும். முகம் என்று ஒன்று இருந்திருந்தால் நேரில் போய்ச் சண்டையாவது போட்டிருப்பேன். வெறும் குரலோடு என்ன செய்வது? நடு விருந்திலும், என் அம்மாவை அடக்கம் செய்த அன்றும் அந்தக் குரல் கூப்பிட்டதும் எழுந்து ஓடியவன் நீ.

விழா முடிந்த அன்று மாலை, சூப் ஆறுகிறது என்று அடுக்களையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தாய். வழக்கத்தை அப்போதுதான் ஒழுங்காகக் கடைப்பிடித்தாய்.

பதிலுக்குக் காத்திராத,
உன் மனைவி