கறுப்புக் காருக்கு ஒற்றை வயர்

மதினி,

இன்று பட்டறையில் என் வண்டிக்குப் புது பெல்ட் மாட்டினார்கள். சூடேறிய ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் சங்கரன்கோவில் வீட்டு முற்றம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பாவின் கறுப்புக் காருக்குள் குனிந்து நின்றீர்கள். நீங்கள் கண்ணை மூடியபின் வரும் முதல் மழைக்காலம் இது.

அண்ணன் வெளியூர் வேலையில் இருந்ததால், அப்பாவை நெஞ்சு வைத்தியத்துக்குப் பாளையங்கோட்டைக்கு நீங்கள்தான் ஓட்டிப் போவீர்கள். நானும் கூட வருவேன். வெள்ளைக்காரன் காலத்துக் கார். மெதுவாகப் போனால் அதன் டைனமோ மின்சாரமே தராது. ஒருநாள் மழையில் விளக்கும் வைப்பரும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட, நடுரோட்டில் நின்றோம். அப்பா மூச்சுக்குத் திணறினார். யாரோ ஒரு லாரிக்காரர் ஏற்றிவந்தார். அதன்பிறகு ஆஸ்பத்திரி என்றாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"செத்தா கட்டில்ல சாவுதேன். ரோட்டுல கெடக்க மாட்டேன்."

வளைகுடாவில் கார் பட்டறையில் வேலை பார்த்த கடையநல்லூர் பாய்க்குச் சொல்லியனுப்பினீர்கள். லீவில் வந்தவர், மெதுவாக ஓடினாலும் மின்சாரம் தரும் ஓர் ஆல்டர்னேட்டரைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார்.

"ஒத்த வயர்தான் தங்கச்சி. மத்ததெல்லாம் இதோட வயித்துக்குள்ளயே இருக்கு."

டைனமோ இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, வயரை முடுக்கப் போனார்.

"பாய், கொஞ்சம் பொறுங்க. இந்தக் காருல ப்ளஸ்ஸுல்லா பாடியில மாட்டியிருக்கு?" என்றீர்கள்.

அவர் குனிந்து பார்த்தார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அல்லா காப்பாத்துனான். இதுக்கு மைனஸுல்லா பாடியில இருக்கணும். தொட்டிருந்தா பொகைஞ்சிருக்கும்."

புகைந்திருந்தால் இன்னொன்றுக்கு எங்கே போவது? பேட்டரியைத் திருப்பிவைத்து, மைனஸைப் பாடிக்கு மாற்றினீர்கள். ஸ்டார்ட் செய்தால், பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவதைக் காட்டும் மீட்டர் முள் அசையவில்லை.

"நல்லா ஒரு மிதி மிதிங்க" என்றார் பாய்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தீர்கள். முள் துள்ளி எழுந்தது. காலை எடுத்தபின்னும் இறங்கவில்லை. ஒற்றை வயர்! மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவைக் கெஞ்சித்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, மேலநீலிதநல்லூர் பக்கம் பொழுது சாயவும் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கூட்டம் ஒன்று ரோட்டை மறிக்க, வண்டியை நிறுத்தினீர்கள். முன்பென்றால் விளக்கு பீடி நெருப்பாய்ச் சுருங்கியிருக்கும். அன்று சுருங்கவில்லை. வெளிச்சத்தில் மழை வெள்ளிக் கம்பிகளாக இறங்கியது. அதற்குள் ஆடுகளின் கண்கள் பச்சைப் பச்சையாய் எரிந்தபடி நகர்ந்தன. அப்படியொரு காட்சியை நான் அதுவரை கண்டதில்லை.

பின்சீட்டில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, வண்டி நிக்கா, ஓடுதா?"

"நிக்கு மாமா."

"வெளிச்சம் கொறையலியே!"

"கொறையாது மாமா."

அப்பா கண்ணாடியை இறக்கினார். மழை முகத்தில் அடிக்க அடிக்க, கடைசி ஆடு கடக்கும்வரை சின்னப்பிள்ளை மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"டாக்டரு மறுபடி என்னைக்கு வரச் சொன்னாரு?"

திரும்பி உங்களைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, மேலே இருந்த சிறு கண்ணாடியில் அப்பாவின் நனைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உதடு துடித்தது. கடைசியில் நான்தான் நாளைச் சொன்னேன்.

அதற்கப்புறம் அப்பா எத்தனையோ மழைக்காலம் இருந்தார். எனக்குள் இன்றும் இருப்பது, பேச வராமல் தவித்த உங்களுடைய அந்த முகம்தான் மதினி.