மூக்கு நீண்ட விமானம்

பண்டசோழநல்லூர்
மார்கழி மாதம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குச் சளி மட்டும் விடவில்லை. ஏரிக்கரைத் துண்டு நிலத்தில் சம்பா கதிர் வாங்கிவிட்டது. போனில் ஊருக்கு வரும் பேச்சை எடுத்தாலே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. மஸ்கட்டில் அப்படி என்ன சிக்னலோ! அதனால்தான் படங்களை பிரிண்ட் போட்டு, கடிதமும் எழுதி அனுப்புகிறேன்.

படத்தைப் பார்த்தீர்களா? கரிக்கலாம்பாக்கத்தில் புதிதாக மனை போட்டிருக்கிறார்கள். ஆள் சேர்க்க, எங்கோ பழைய இரும்புக்கு வந்த விமானத்தை வாங்கி, ரோஸ் பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தியிருக்கிறார் முதலாளி நடேசன். பார்த்ததும் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். மூக்கு அவ்வளவு நீளம்!

கல்யாணமான புதிதில் பெங்களூர் விமான ஃபேக்டரிக் கதையெல்லாம் சொல்வீர்களே. பட்டாளத்துப் பையன்கள் பழகுகிற விமானத்தில் வேறு எஞ்சின் வைத்துப் பார்த்தோம், அது எடை குறைச்சல், அதைச் சமன் செய்ய மூக்கை முன்னால் நீட்டினோம், பேட்டரிக்கு இடம் இல்லாமல் வாலில் ஒரு சின்னக் கதவு வெட்டினோம், அப்படி ஒன்றே ஒன்றுதான் செய்தோம் என்று. நான் நேராக வால் பக்கம் போய்த் தடவிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் கதவின் விளிம்பு கையில் தட்டியது. காவல்காரர் ஓடிவந்து, "இன்னாம்மா, பிளேனைப் போயி தடவிக்கினு நிக்கிற?" என்று சத்தம் போட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பழைய விமானங்களைப் பற்றி எழுதும் கணேஷ்குமார் என்பவருக்குப் படம் அனுப்பினேன். மறுவாரமே சென்னையிலிருந்து வந்துவிட்டார். சோதனைக்குச் செய்த அந்த விமானத்தை உடைத்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். எண் பொறித்த தகட்டை யாரோ பிடுங்கிவிட்டார்கள். அதனால், அதில் வேலை செய்த ஒருவர் உள்ளே பார்த்துச் சொன்னால்தான் உறுதி. உறுதியானால் மியூசியத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வேன் என்கிறார். நடேசனோ, லாரி திரும்ப மூக்கு இடைஞ்சலாக இருக்கிறது, பொங்கல் கழித்து அறுத்துவிடுவேன் என்கிறார். அதற்கு மேல் ஒருநாள்கூடப் பொறுக்க மாட்டாராம்.

உங்கள் அப்பாவிடமும் சொன்னேன். நீங்கள் வேலை போய் வந்து நின்றபோது, பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில், "பிளேன் செஞ்சானாம், எங்க வூட்டு மோட்டாருக்கு ஒரு நட்டு முடுக்கத் தெரியாது" என்று அவர் சிரித்ததையும், நீங்கள் பாதி இலையில் எழுந்ததையும் நான் மறக்கவில்லை. அதன்பின் மஸ்கட் போனவர்தான், நான்கு வருஷமாகிறது. அவரும் மறக்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் மொபெட்டில் அங்கே போய்விடுகிறார். மனை பார்க்க வருகிறவர்களைப் பிடித்துவைத்து, "என் புள்ள செஞ்சதுய்யா இது" என்கிறார். நடேசனிடம் மல்லுக்கு நின்று பொங்கல் வரை தவணை வாங்கியதும் அவர்தான். வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. நேற்று என்னிடம், "அங்க லீவு குடுப்பானுங்களா?" என்றார். நீங்களே கேளுங்களேன் மாமா என்றேன். மடை பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். நம் அறைக்குப் புது ஃபேன் மாட்டியிருக்கிறார். எனக்காக மாட்டவில்லை என்பது எனக்குத் தெரியாதா?

அவர் வாயால் வா என்று சொல்ல மாட்டார். கூப்பிடாமல் வருகிற ஆள் நீங்களும் இல்லை. நடுவில் நான் எத்தனை நாள்தான் நிற்பது? விமானத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் கூப்பிட்டார்கள், அதற்காக வந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் அப்படியே சொல்கிறேன். வேறு எதற்காக வந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
ஜெயசுதா