இரண்டு கையெழுத்துக் கணக்கு

ஜூன் 3

சர்வேயருக்கு,

நலம். உங்கள் மலையில் சிக்னல் கிடையாது என்பதால் இந்தக் கடிதம்.

மேனேஜர் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் புற்றுநோய். இரண்டு வயதுப் பூனைக்கு இது வருமா என்று கேட்டேன். "வரக்கூடாதுதாம்மா. வந்திருச்சே" என்றார் டாக்டர். வாரத்துக்கு ஓர் ஊசி, பன்னிரண்டு ஊசி. பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்.

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்து நான் வாங்கும் சம்பளம் வாடகைக்கே சரி. மிச்சமிருப்பது வக்கீலுக்கென்று நாம் போட்டுவைத்த பணம். உங்களை நானும் என்னை நீங்களும் நம்பாமல், இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று தொடங்கிய கணக்கு. அதைத் தொட்டால் விவாகரத்து தள்ளிப்போகும்.

முதல் செக் இணைத்திருக்கிறேன். சம்மதமில்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கடை


ஜூன் 9

கண்ணாடிக்காரிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதற்குப் போய் சம்மதம் கேட்பாயா?

'உங்கள்', 'நீங்கள்' எல்லாம் எப்போதிருந்து? சண்டையில்கூட நீ என்னை டேய் என்றுதான் கூப்பிடுவாய்.

முகாமில் சமையல்காரர் சிரித்தார். "பூனைக்குப் போய் இவ்ளோ செலவா? தெருவுல பத்துப் பூனை சும்மா கெடைக்குமே சார்."

"இதுவும் தெருவுல சும்மா கெடைச்சதுதான்" என்றேன்.

மறுநாள் காலை, டீயை வைத்துவிட்டு நின்றார். "இப்ப ஏதாச்சும் சாப்பிடுதா சார்?"

மேனேஜர் என் வரைபடத்தின் நடுவில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று பார்ப்பானே. இங்கே மேசை முழுவதும் எனக்கே. வேலை ஓடவில்லை.

நான்


ஜூலை 8

சர்வேயருக்கு,

மூன்று ஊசி ஆகிவிட்டது. கொஞ்சம் சாப்பிடுகிறான். மீசை உதிர்கிறது. ஒரு முடியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் நீலச் சட்டையின் மேல்தான் தூங்குகிறான். அதைத் துவைக்கவில்லை. அவனுக்காகத்தான்.

உங்கள் செக் தாமதமாக வந்ததால் ஊசி மூன்று நாள் தள்ளிப்போனது. அதனால் செக் புத்தகத்தையே அனுப்புகிறேன். இரண்டு மூன்று செக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

கண்ணாடிக்கடை


ஜூலை 14

கண்ணாடிக்காரிக்கு,

மிச்சமிருந்த ஒன்பது செக்கிலும் போட்டுவிட்டேன். இனி தபாலுக்காக அவன் காத்திருக்க வேண்டாம்.

தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டால் வங்கியில் இருக்கும் என் தங்கை என்னை உயிரோடு விடமாட்டாள். சொல்லாதே.

மீசை முடி பர்ஸில் இருக்கிறது.

நான்


ஆகஸ்ட் 17

டேய்,

மேனேஜர் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை, மதியம், ஜன்னலோரம்.

ஏழாவது ஊசிக்குப் பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. "எட்டாவது போடலாம். ஆனா அது உங்களுக்காகப் போடறதா இருக்கும், அவனுக்காக இல்ல" என்றார் டாக்டர். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உன்னைக் கேட்க நேரமில்லை. மன்னித்துக்கொள். நீலச் சட்டையிலேயே சுற்றி, பின்பக்க மாமரத்தடியில் புதைத்தேன். கீழ்வீட்டு அக்கா குழி தோண்டினார்.

ஒன்பது செக்கிலும் உன் கையெழுத்தைப் பார்த்த அன்று எனக்குக் கோபம் வந்தது. இனி எனக்குக் கடிதம் எழுதும் வேலை மிச்சம் என்று ஒரே மூச்சில் போட்டுத் தள்ளினாயோ என்று. அதனால் நானும் எழுதவில்லை. நான்கு வாரம். நேற்று மருந்துச் சீட்டுகளை எடுத்துவைக்கும்போதுதான் புரிந்தது. கணக்கில் இருந்த மொத்தப் பணத்தையும் நீ என் கையில் கொடுத்திருக்கிறாய். அதுவும் ஒருவரையொருவர் நம்பாமல் தொடங்கிய அந்தக் கணக்கில்.

வக்கீல் போன் செய்தார். "என்னம்மா, ஃபைல் பண்ணிடலாமா?" இருக்கும் பணம் உங்கள் ஃபீஸில் பாதிக்குத்தான் காணும் என்றேன். பாதியை இப்போது கட்டலாம், மீதி பிறகு என்றார்.

ஐந்து செக் மிச்சமிருக்கிறது. ஐந்திலும் உன் கையெழுத்து இருக்கிறது.

நான் இன்னும் பேனாவை எடுக்கவில்லை.

மேசை அப்படியே இருக்கிறது. உன் வரைபடங்களை விரிக்க இடமுண்டு.

நான்