தோள் பிரித்துத் தைத்த சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எந்த அம்மா என்று குழம்ப வேண்டாம், உன்னைப் பெற்றவள்தான். இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீயே நாலு பக்கம் எழுதிவிட்டதால் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

உன் கடிதம் வந்த அன்று தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடந்தது. மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். 'மூன்று நாள் காய்ச்சல், அம்மா போட்டுக் கொடுத்த கஷாயத்தில் விட்டுவிட்டது' என்று ஒரு வரி. நான் எப்போது கஷாயம் போட்டுக் கொடுத்தேன் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகுதான் புரிந்தது, அது நானில்லை.

தண்ணீர்த் திட்ட வேலைக்கென்று நம் பாஷை தெரியாத அந்தக் கிராமத்துக்குப் போன புதிதில் 'நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா' என்று எழுதினாய். அடுத்த கடிதத்தில் 'அந்த அம்மா' ஆனாள். இப்போது வெறும் அம்மா. மூச்சுக்கு முந்நூறு தடவை அம்மா. அம்மாவோடு ஆடு மேய்க்கப் போனேன், அம்மா சாணியும் தழையும் கலந்து உரம் போடக் கற்றுத் தந்தாள், விடியுமுன் அம்மாவோடு பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். விடியுமுன்னாம். இங்கே பத்து மணிக்கு முன்னால் உன்னை எழுப்பப் போனால் என்மேல் தலையணை வந்து விழும். பால்கனியில் இருந்த ஒரே ஒரு தொட்டிச் செடியைக் காய விட்டவள் நீ. உள்ளூரில் விலை போகாத மாடு வெளியூரில் விலை போகாது என்பார்கள். நீ போய்விட்டாய், அதுவும் நல்ல விலைக்கு.

பொறாமையா என்று அப்பா கேட்டார். ஆமாம், பொறாமைதான், அதற்கு என்ன இப்போது என்றேன். அவர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். மாடி வீட்டு டீச்சர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றாள். அது ஊட்டுகிறவளுக்குச் சொன்ன பழமொழி டீச்சர், பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

நீ அங்கே டவுனுக்குப் போனபோது அனுப்பிய படத்தை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். நீ வாய்க்கால் வெட்டுகிறாய். அவர் உன் முகத்தைப் பார்த்தார், நான் சட்டையைப் பார்த்தேன். நான் தைத்து பார்சலில் அனுப்பிய நீலச் சட்டை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பழுப்பு நூல் ஓடுகிறது. யாரோ பிரித்துத் தைத்திருக்கிறார்கள்.

உனக்கு நான் டேப் வைத்து அளவெடுத்ததே இல்லை. கண் அளவுதான். எத்தனை வருடம், ஒரு சட்டை இறுக்கம் என்றோ தொளதொள என்றோ நீ சொன்னதுண்டா? இப்போது உன் கடிதத்தில், மண்வெட்டி பிடித்துப் பிடித்து உன் தோள் அகன்றுவிட்டதாம், கையைத் தூக்க முடியவில்லையாம், அம்மா ஒரே ராத்திரியில் சரி செய்துவிட்டாளாம். நான் இங்கிருந்து போன பெண்ணுக்குத் தைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் பெண்ணின் அளவு அவளுக்குத்தான் தெரிகிறது.

கையால்தான் தைத்திருக்கிறாள். குறை சொல்லலாம் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தில் தேடினேன். சனியன், ஒரு தையல்கூடக் கோணலில்லை.

நான் தையலுக்கு உள்ளே மடித்து விட்டிருந்த துணியில் பாதியைத்தான் எடுத்தாளாம். மீதியை நறுக்கிவிடு, உறுத்துகிறது என்று நீ சொன்னதற்கு மாட்டேன் என்றாளாம். ஊருக்குப் போய் நீ பெருத்துவிட்டால் உன் அம்மா மறுபடி பிரித்துத் தைக்கத் துணி வேண்டாமா என்று கேட்டாளாம். இதை ஏதோ வேடிக்கை மாதிரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பேச்சுக்கு என் கோபம் பாதி இறங்கியது. பாதிதான்.

இனி நீ கேட்ட விஷயம். திட்டக்காரர்கள் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், குளம் வெட்டியாயிற்று, வாய்க்கால் இன்னும் பாதி வயலுக்குப் போய்ச் சேரவில்லை, நீ சரி என்றால்தான் இருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். பாரத்தை நைசாக என் தலையில் வைத்துவிட்டாய். வேண்டாம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். உடனே கிளம்பி வா, எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது. நீ வந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தண்ணீர் கடைசி வயலுக்குப் போனதா என்று யோசித்துக்கொண்டிருப்பாய். அப்படி ஒரு பெண் பக்கத்தில் இருந்து எனக்கு என்ன லாபம்?

இருந்து முடித்துவிட்டு வா.

அடுத்த சட்டைக்கு அளவு வேண்டும். அவளையே எடுத்து அனுப்பச் சொல். தோள், மார்பு, கை நீளம், மூன்றும். அவளுக்கு நீலத்திலும் வெள்ளையிலும் நல்ல நூலாக அனுப்புகிறேன், அந்தப் பழுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அவளுக்கு வயது என்ன என்று கேட்டு எழுது. என்னைவிட மூத்தவள் என்றால் பெரியம்மா என்று கூப்பிடு, இளையவள் என்றால் சித்தி. அந்த ஊர்க்காரர்களுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் இல்லாத எனக்கு ஒருத்தி கிடைத்ததாக இருக்கட்டும். அக்கா தங்கை மேல் பொறாமைப்படலாம், அதில் தப்பில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும் நன்றாக இருக்கட்டும், உன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி.

இப்படிக்கு,
உன் அம்மா