ஷல் ஐ கீப்?

இன்று மத்தியானம் என் வாயிலிருந்து உன் வசனம் விழுந்தது. அதுவும் எங்கே என்கிறாய், வேலைக்கான நேர்முகத்தில். மகள் விட்டுப்போன ஹெட்செட் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது. காதுப் பஞ்சில் என் வேர்வை காயவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சந்தோஷப்படவா, வெட்கப்படவா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கவா, ஒன்றும் பிடிபடவில்லை. இப்படி ஒன்றும் பிடிபடாத நாட்களில் பின்னேரம் ஆறு மணிக்கு உனக்குத்தான் போன் எடுப்பேன்.

இந்தக் கூத்து நீ இருந்தபோதே தொடங்கியது. மூன்று மாத விசாவில் நெதர்லாந்துக்கு மகளிடம் போயிருந்தேனே, அப்போது. அவள் குசினியில் நின்று மரக்கறி வெட்டிக்கொண்டு காலம் தள்ள எனக்கு ஏலாது. இருபத்தாறு வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில் இங்கிலிஷ் படிப்பித்தவள் அங்கேயும் படிப்பிக்கலாம், அப்படியே பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒரு திங்கட்கிழமை புறப்பட்டேன்.

ட்ராமில் டிக்கட் பார்க்க வந்த பெண் வானொலியில் செய்தி வாசிப்பவளைப் போல இங்கிலிஷ் பேசினாள். போகட்டும் என்று விட்டேன். சந்தையில் ஒரு மீனைக் கையில் எடுத்தேன். மீன்காரர் பக்கத்து மீனைக் காட்டி, “இஃப் ஐ வேர் யூ” என்று தொடங்கினார். ‘வாஸ்’ இல்லை, ‘வேர்’! அந்த ஒரு ‘வேர்’ஐ ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அங்கே மீன் வெட்டுகிற மனிசன் அதைச் சும்மா சொல்லிவிட்டுச் செதில் சுரண்டுகிறார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

நாலு மொழிப் பள்ளிக்கூடங்கள் ஏறி இறங்கினேன். கடைசி இடத்தில் ஒரு பெண் கோப்பி ஊற்றித் தந்து, இந்த ஊரில் இங்கிலிஷ் தெரியாதவர்களை எங்கே தேடிப் பிடிப்பதாக உத்தேசம் என்று அன்பாகவே கேட்டாள். பிறகு தங்கள் மொழியை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தாள். படிப்பிக்கப் போனவள் படிக்கச் சொல்லி அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தேன்.

ஊருக்கு வந்து நம் வகுப்பறையில் உன்னிடம் இதைச் சொன்னபோது நீ பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாய். கீழே கடற்கரைப் பக்கம் ரயில் போய் முடியும்வரை சிரித்தாய். “கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போனியா?” என்று கேட்டாய். பிறகு, “ஒல்லாந்தன் நமக்குக் கந்தோரும் குடுத்தான், கக்கூசும் குடுத்தான். பதிலுக்கு நீ இங்கிலிஷ் குடுக்கப் போயிருக்க, வேணாமுன்னுட்டான்” என்றாய். ஆபீஸுக்கு நாம் சொல்லும் கந்தோரும் அந்தக் கக்கூசும் ஒரு காலம் இங்கே ஆண்ட நெதர்லாந்துக்காரர் விட்டுப்போன சொற்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். கப்பல் கந்தோரில் இருந்தவளுக்குத் தெரியாததா.

கதவைப் பூட்டும்போது இன்னொன்றும் சொன்னாய். “நல்லா பேசுறவனுக்கும் ஏதோ ஒண்ணு வெளங்காமத்தான் இருக்கும். அத கண்டுபுடி.” நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கெட்ட பழக்கம் அது, நீ சொல்வதில் இலக்கணத்தை மட்டும் கேட்பது.

நீ எங்கள் வகுப்புக்கு வந்த விதத்தை நினைக்கிறேன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் பத்தொன்பது வருஷம் டெலிபோன் போர்டில் இருந்தவள். கந்தோரை மூடியதும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தாய். நான் இலக்கணம், நீ பேச்சு இங்கிலிஷ் என்று பிரித்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு உன் வகுப்புத்தான் பிடிக்கும். ஒரு விசிறி மட்டையைக் காதில் வைத்து ‘ஹலோ’ என்று நீ தொடங்கினால், வாயே திறக்காத பிள்ளையும் பதில் சொல்லும். எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இனி அதை மறைத்து என்ன.

உன்னிடம் எனக்குப் பொறுக்காத ஒன்று அந்தக் ‘கீப்’. போனை வைக்கவா என்று தமிழில் கேட்பதை அப்படியே தூக்கி இங்கிலிஷில் போட்டு, “ஷல் ஐ கீப்?” என்பாய். தினமும் ஆறு மணிப் பேச்சு அதில்தான் முடியும். கீப் என்றால் கையோடு வைத்திருப்பது, விடாமல் இருப்பது, நீ சொல்வதற்கு நேர் எதிர், ‘ஹேங் அப்’ என்று சொல் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். “தமிழன் வைக்கிறான், சிங்களவன் வைக்கிறான், நான் மட்டும் ஏன் தொங்க விடணும்?” என்பாய். பத்தொன்பது வருஷமாக உலகத்துக் கப்டன்மாரிடம் அப்படித்தான் சொன்னதாகவும், ஒரு கப்பலும் தாழவில்லை என்றும் சொல்வாய்.

பிறகு ஒரு பிள்ளையின் தாய் வந்தா, பாமன்கடையிலிருந்து. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மகளைப் போனில் பேட்டி கண்டதாம், முடிவில் பிள்ளை “ஷல் ஐ கீப்?” என்று கேட்டதாம், மறுபக்கம் சிரித்துவிட்டார்களாம். வகுப்பு நடுவில் நின்று, “இதுக்கோ இங்க அனுப்பினனாங்கள்?” என்று கேட்டா. நீ டஸ்டரோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றாய். இவ பேசாத துறைமுகம் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “இனி ஸ்போக்கன் வகுப்பை நானே எடுக்கிறன்” என்றேன். உன்னைக் கேட்காமல், உன் முகத்தைப் பாராமல், இருபது பிள்ளைகளுக்கு முன்னால்.

அதோடு விட்டேனா. அந்தக் கிழமையே ‘சொல்லக் கூடாதவை’ என்று தலைப்புப் போட்டு, பதினெட்டு வசனங்களைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலாவது உன் ‘கீப்’. நீ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாய். “எல்லாம் நான் பேசுறதுதான். பேர் மட்டும்தான் போடல” என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்ச் சின்னப் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்தைத் திறந்து இருந்துவிட்டாய். மூன்று வருஷம் அந்த மூலையில்தான் இருந்தாய்.

ஆறு மணிப் போன் நிற்கவில்லை. ஆனால் முடிவில் “வைக்கவா?” என்று தமிழில் கேட்கத் தொடங்கினாய். நீ என்னோடு ஒரு சொல் இங்கிலிஷ் பேசுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே சில கிழமை எடுத்தது. உறைத்த பிறகும் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம்.

கடைசிப் போன் உன் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வந்தது. மூச்சு வாங்க வாங்க, வகுப்பில் மழைத்தண்ணி ஒழுகுகிறதா என்று விசாரித்தாய். சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் வாசிக்க வேண்டும் என்று சொன்னாய். பிறகு, மூன்று வருஷம் கழித்து, “ஷல் ஐ கீப்?” என்றாய். நான், விசரி, “ஹேங் அப்” என்றேன். வாய் முந்திக்கொண்டது. நீ சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது, இருமலாகவும் இருக்கலாம். லைன் அறுந்தது. அடுத்த நாள் காலை, நீ போய்விட்டாய் என்று சொல்ல உன் தங்கச்சி போன் எடுத்தா. நான் சொன்னது பகிடியா திருத்தமா என்று பத்து மாதமாக யோசிக்கிறேன். பகிடி என்று நீ எடுத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். சில நாட்களில் அப்படி நினைக்க முடிவதில்லை.

இனி இன்று மத்தியானத்துக்கு வருகிறேன். அதே நெதர்லாந்தில் ஒரு கப்பல் கம்பனி தன் கந்தோர் ஆட்களுக்கு இங்கிலிஷ் ஆசிரியர் தேடுவதாக மகள்தான் கண்டுபிடித்தாள். “சும்மா ஒருக்கா போட்டுப் பாருங்கோ அம்மா” என்றாள். திரையில் இரண்டு பேர்: கேள்வி கேட்க ஒரு பெண், பின்னால் பேசாமல் ஒரு பெரியவர், தொலைபேசிப் பிரிவின் தலைவராம். நான் ‘இஃப்’ நிபந்தனை வாக்கியங்களை நிறம் பூசித் தயாரித்து வைத்திருந்தேன். மீன்காரரை மறந்துபோனேன் பார். அந்தப் பெண் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் இதையெல்லாம் நன்றாகவே எழுதுவார்கள் என்றாள். முடிந்தது என்று விளங்கிவிட்டது. மானத்தோடு எழும்பினால் போதும் என்ற அவசரத்தில், நன்றி சொல்லி, “ஓகே தென், ஷல் ஐ கீப்?” என்றேன்.

சத்தியமாக நான்தான் சொன்னேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில்லை. கொழும்பிலிருந்து பேசுகிற எல்லாரும் கடைசியில் இதைத்தான் கேட்பார்களாம். லைனிலேயே இருக்கவா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, இவர்கள் “யெஸ், கீப்” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்களாம். லைன் அறுந்துவிடுமாம். கொழும்புக்காரர் மரியாதை தெரியாதவர்கள் என்று வருஷக்கணக்காக எண்ணியிருந்தாராம். வேறென்ன எங்களுக்கு விளங்காமல் இருக்கிறது என்று பேனையை எடுத்தார்.

‘லெட் அஸ் ஸீ’ என்றால் எங்கள் ‘பார்ப்பம்’, அதற்கு அர்த்தம் பெரும்பாலும் மாட்டோம் என்றேன். ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றால் ஆள் திரும்பி வரமாட்டார், அது விடைபெறுவது, வெறுமனே போகிறேன் என்று சொல்வது எங்கள் வாய்க்கு வராது என்றேன். அவர் எழுதிக்கொண்டே போனார். அரை மணிப் பேட்டி ஒன்றரை மணியானது. பாதியில்தான் எனக்கு உறைத்தது, நான் நம் சுவரை மனப்பாடமாக ஒப்பிக்கிறேன் என்று. பதினெட்டும் வந்தன, அதே ஒழுங்கில்.

பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. ஒரு வருஷ வேலை. விசாக் கடிதங்களை அவர்களே ஒழுங்குசெய்வார்கள். இலக்கணம் வேண்டாம், இதைப் படிப்பித்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். மகள் போனில் அழுதேவிட்டாள்.

எனக்குத்தான் தலை சுற்றுகிறது. என்னை எடுத்தது டீச்சராகவா, சாம்பிளாகவா? அதைவிடப் பெரிய குழப்பம், இது என் வேலையே இல்லை. இது உன் வேலை. உன்னை எந்த வசனத்துக்காகப் பலகைக்குப் பக்கத்திலிருந்து இறக்கினேனோ, அந்த வசனத்தைச் சொல்லி நான் விமானம் ஏறப் போகிறேன். அந்தப் பெரியவர் கேட்ட குரல்களில் ஒன்று உன்னுடையதாகக்கூட இருந்திருக்கலாம். கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. நீ இருந்தால், “போடி, போய் மகளோட இரு” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய். அப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று நானே எனக்கு வசதியாகச் சொல்லிக்கொள்கிறேனோ என்னவோ.

சற்று முன் வகுப்பறைக்குப் போய் அந்தத் தாளைச் சுவரிலிருந்து உரித்து வந்தேன். மை வெளிறிவிட்டது. ‘சொல்லக் கூடாதவை’ என்ற தலைப்பை அதே சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் உன் முழுப்பெயரை எழுதினேன். எழுத்து அழகாக இல்லை. சம்மதம் என்று பதிலும் எழுதியாயிற்று. பாடத்திட்டம் என்னுடையதல்ல, இன்னாருடையது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அனுப்பவில்லை. ஒவ்வொரு முறை விரலைக் கொண்டுபோகும்போதும் இன்னொரு மனம் பிடித்து இழுக்கிறது.

உன் இலக்கம் இன்னும் என் போனில் இருக்கிறது. இனி அதை அழித்துவிடுங்கோ என்று மகள் சொல்கிறாள். இப்போது ஆறு மணியாகப் போகிறது. இதை நான் யாரிடம் கேட்பது, உன்னிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் வாழ்நாளெல்லாம் உனக்கு நான் சொல்லிக்கொடுத்த அந்தச் சரியான அர்த்தத்தில்: ஷல் ஐ கீப்?