அம்மாவின் சனிக்கிழமைகள்

மஞ்சக்குப்பம், கடலூர்
பிப்ரவரி 9

அன்பு மகள் கனிமொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமா, கால் வலி முழுதும் போய்விட்டதா, படியேறும்போது இழுக்கிறது என்றாயே அது நின்றதா என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு எப்படி என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. முழுதும் படித்துவிட்டு என்னைத் திட்டு, பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டாதே.

ஆகஸ்டில் நீ ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது அம்மா புனேவுக்கு ரயிலேறினாள், மூன்று மாசம் இருந்தாள். பிள்ளை படுத்துக் கிடக்கும்போது தாய் போகாமல் வேறு யார் போவது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் போனவள் வேறு, திரும்பி வந்தவள் வேறு. பெட்டியைத் திறந்ததும் உன் பழைய பைனாகுலர் வந்தது, ஒரு நோட்டு வந்தது, கடைசியாக நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். காலை ஐந்துக்கு எழுவது, அன்றைய வாசகம் படித்து அரை மணி ஜெபம், ஆறரை வரை நடை, சமையல், மத்தியானம் ஒரு மணி நேரம் படிப்பு, வியாழன் சாயந்தரம் பக்கத்துக் குடும்பங்களோடு கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், சனிக்கிழமை காலை பறவை பார்ப்பது, ஞாயிறு பூசை. "பாப்பா அங்க அப்படித்தாங்க இருக்குது. கால் தேறுனதும் ஆபீஸுக்கும் போவுது, மெட்ரோவுல உக்காந்து ஜெபமாலையும் சொல்லுது, சனிக்கிழமை ஆச்சுன்னா ஏரிப்பக்கம் போயி பறவையும் பாக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு இடிக்கவே இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன், எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதியே விரல் காய்த்தவன், எனக்கு ஒரு டைம்டேபிளைப் படிக்கத் தெரியாதா. அந்தத் தாளை மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தேன். அதில் என் பேர் எங்கேயும் இல்லை.

முதலில் உன் மேல்தான் எரிச்சல் வந்தது கனி, ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தனை வருஷமாக நான் அவளை சில்வர் பீச்சுக்கு நடக்கக் கூப்பிட்டால் முட்டி வலிக்கிறது என்பாள், நீ சொன்னதும் ஐந்தரை மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு கிளம்புகிறாளே என்று. டிசம்பரில் உன் பறவைக் குழுவில் யாரோ கொடுத்த நம்பரை வைத்து சிதம்பரத்தில் ஒரு குழுவைப் பிடித்துவிட்டாள். ஏழெட்டுப் பேர், சபாபதி என்று ரிட்டயர்டு விலங்கியல் வாத்தியார்தான் அதற்குத் தலைவர், அவர் மனைவி இறந்து ஐந்து வருஷமாகிறதாம். சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறி சிதம்பரம் போய், அங்கிருந்து அவர்களோடு வேனில் பிச்சாவரம், அங்கே கொளஞ்சி என்பவர் படகில் சுரபுன்னைக் காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவாள். வந்ததும் சபாபதி சார் இதைச் சொன்னார், சபாபதி சார் அதைக் காட்டினார், சபாபதி சார் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் சொன்னார். எனக்குக் கொக்கைத் தெரியாதா? ஒரு நாள் அவள் போனில் அந்த மனுஷனின் குரல் கேட்டது, "ஜெயராணி மேடம், இந்த வாரம் அரிவாள் மூக்கன் கூட்டமா வந்துருக்கு, விட்டுடாதீங்க" என்று. அரிவாள் மூக்கன் என்பது ஒரு பறவைதான், நீண்டு வளைந்த மூக்கு, உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு விதமாக எதுவும் நினைத்துவிடாதே, அம்மாவைப் பற்றித் தப்பாக நான் ஒரு நிமிஷமும் நினைத்ததில்லை. அவளுக்கு ஒரு சந்தோஷம் வருகிறது, அது என்னிடமிருந்து வரவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் வெளியே அப்படிச் சொல்ல முடியுமா. அதனால் சாமி பேரை இழுத்தேன். ஜெபமாலை சொல்ல வேண்டிய நேரத்தில் நோட்டில் குருவிப் படம் வரைகிறாள் என்றேன், நாளைக்குப் பூசைக்குப் போகிறவள் இன்றைக்குக் காடு சுற்றலாமா என்றேன். வியாழக்கிழமை அன்பியத்தில் பத்துக் குடும்பத்துக்கு முன்னால், வேடிக்கை போல, எங்கள் வீட்டில் இப்போது ஆண்டவருக்கு ஆறு நாள், பறவைக்கு ஒரு நாள் என்று சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஜனவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் போனை எடுத்தேன். உன் பிறந்த தேதிதான் பூட்டு, எனக்குத் தெரியும். அவர்களுடைய வாட்ஸப் குழுவில், "வீட்டு வேலை ஜாஸ்தி. இனி வர இயலாது. நன்றி. ஜெயராணி" என்று அடித்து அனுப்பிவிட்டு, குழுவிலிருந்தும் அவளை வெளியேற்றிவிட்டேன். போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்து, "என்னாங்க ஒரு மாதிரி இருக்கீங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டாள்.

மறுநாள் வழக்கம் போல கிளம்பிவிட்டாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் வேன் இல்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு சபாபதிக்குப் போன் போட்டிருக்கிறாள், அவர்கள் அதற்குள் படகில் ஏறிவிட்டார்கள். "நீங்கதானே மேடம் இனிமே வரலன்னு போட்டீங்க, உடம்பு சரியில்லையோன்னு எல்லாரும் பேசிக்கிட்டே வந்தோம்" என்று அவர் அந்தச் செய்தியை அவளுக்கே திருப்பி அனுப்பினாராம். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், பைனாகுலரை உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்தாள், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை ஓரம் கிழியாமல் எடுத்து மடித்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இயலாதுன்னு நான் எழுத மாட்டங்க, முடியாதுன்னுதான் எழுதுவேன். இயலாதுன்னு எழுதுறது நீங்க, டெப்போவுக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி" என்றாள். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவளே கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தாள்ல உங்க பேரு இல்லன்னு தேடுனீங்கல்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். முப்பத்தி நாலு வருஷமா எனக்கு டைம்டேபிளே கெடையாது. நீங்க எழுந்தா காலை, நீங்க சாப்புட்டா மத்தியானம், நீங்க படுத்தா ராத்திரி. இப்பத்தான் மொத மொதலா எனக்குன்னு ஒரு நாள்ல ஆறு மணி நேரம் எழுதினேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆறு மணிக்குக் காபி, எட்டரைக்கு டிபன், ஒன்றுக்குச் சாப்பாடு, ஏழுக்கு என் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபமாலை. நான் அருள் நிறைந்த மரியே சொன்னால் அவள் பதில் சொல்வாள், அதைத் தவிர வேறு பேச்சில்லை. அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் அவள் விழித்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டே வெளிச்சம் வரும்வரை படுத்திருந்தாள். நானும் தூங்குவது போலப் படுத்திருந்தேன். அன்றைக்குச் சாயந்தரம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆண்டவர் மன்னிச்சுடுவாருங்க அய்யா. ஆனா அவுங்க எடம் படகுல திரும்பி வரணுமே, அதுக்கு நீங்கதான் போவணும்" என்றார். நான் நூறு ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்துப் போனேன், அதுவாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

அதற்கடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் ஏறுகிற அதே பஸ்ஸில் ஏறினேன். சபாபதியை நான் எப்படியெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன், கறுப்புச் சாயம் பூசிய தலை, மடிப்புக் கலையாத சட்டை என்று. வேன் பக்கத்தில் நின்றவர் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு, ஒரு தூக்கு நிறைய எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வந்த மனுஷன். நான் லூர்துசாமி, ஜெயராணி வீட்டுக்காரன், அந்தச் செய்தியை அனுப்பியது நான்தான் என்றேன். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது, என்னது என்றார். அந்தக் கேவலத்தை நான் இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, வேனில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் தூக்கை வேனுக்குள் வைத்தார். அப்புறம், "மேடத்தோட சீட்டு காலியாத்தான் இருக்கு, யாரையும் போடல. வந்ததே வந்தீங்க, ஏறுங்க" என்றார்.

படகில் உட்கார்ந்த பிறகு கொளஞ்சி துடுப்பைத் தண்ணீரில் போடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏன் என்று கேட்டேன். "அம்மா இருந்தா கண்ண மூடி ஒரு ஜெபம் சொல்லுவாங்க சார், அது முடிஞ்சாத்தான் நான் துடுப்பு போடுறது, அதே பழக்கமா போச்சு" என்றார். என்ன சொல்வாள் என்றேன். "நம்ம பாஷையிலதான், சும்மா பேசுற மாதிரி சொல்லுவாங்க. ஆண்டவரே, காலையில இவ்ளோ அழகா ஒண்ணு பண்ணி வச்சிட்டு எங்களையும் கூப்புட்டியே அப்படிம்பாங்க. எம்பொண்ணு முழுகாம இருக்குது, அது பேரையும் சொல்லி நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு வேண்டிக்குவாங்க" என்றார். கனி, அந்த இடத்தில் எனக்கு வந்த பொறாமை சபாபதி மேல் வந்ததைவிடப் பெரியது. முப்பத்து நாலு வருஷம் அவள் பக்கத்தில் முழங்காலிட்டவன் நான், அவள் ஆண்டவரிடம் பேசுகிற மாதிரிப் பேசி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் பதில் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். படகில் என்னை ஒரு ஜெபம் சொல்லச் சொன்னார்கள், அன்பியத்தில் அரை மணி நேரம் ஜெபிக்கிறவன் நான், பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்பதோடு நிறுத்திவிட்டேன். அதற்கே எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கால்வாய்க்குள் போகப் போக அவள் பேச்சாகவே இருந்தது. மேடம் இந்த வேர்க்கிட்டதான் மீன்கொத்தியைக் கண்டுபிடிச்சாங்க, மேடம் சிரிச்சு சிரிச்சு கண்ணாடிய தண்ணியில உட்டுட்டாங்க, கொளஞ்சிதான் குதிச்சு எடுத்தாரு என்று. கண்ணாடி தண்ணீரில் விழுந்த கதை நம் வீட்டுக்கு வரவே இல்லை. வந்திருந்தால் நான் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கே போனேன், என்ன சொன்னேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன், என்னை மன்னிச்சுடு ராணி என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை. "என் பேர்ல எழுதினீங்கல்ல, இப்ப உங்க பேர்ல எழுதுங்க. என் போன்ல வேணாம், உங்க போன்லேருந்து" என்றாள். சபாபதியிடம் சொல்லி என்னைக் குழுவில் சேர்க்க வைத்து, முந்தின செய்தி நான் எழுதியது, என் மனைவிக்குத் தெரியாது, அவர் வருவார் என்று அடித்தேன், அடுத்த நிமிஷமே வெளியேறினேன். வியாழக்கிழமை அன்பியத்திலும் நான் சிரித்த இடத்திலேயே எழுந்து நின்று சொன்னேன், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அம்மா பிச்சாவரம் போய்வந்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "வேணாங்க. கோவத்துல சொல்லல. அது எனக்கு இருக்கட்டும், நீங்க உங்களுக்கு ஒண்ணு பாத்துக்குங்க" என்றாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், அறுபத்து மூன்று வயசில் தெரியவில்லை. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அவள் பஸ் ஏறிய பிறகு வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவள் போனைத் தொடுவதில்லை, ஜெபமாலையில் இப்போது பத்து மணிகள் கொண்ட ஒரு காரணிக்கத்தை அவளைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் பதில் சொல்கிறேன்.

நீ கேல்சியம் மாத்திரையை விடாதே, கால் சரியாகும்வரை ஏரிக்கரையில் ஈரப் பாறை மேல் ஏறாதே. சில வாரம் ஞாயிறு பூசைக்குப் பதிலாக சனிக்கிழமை சாயந்தரப் பூசைக்கே போய்விடுகிறாய் என்று முன்பு உன்னிடம் முகம் சுளித்தேன், அதை மறந்துவிடு, போகிறாயே அது போதும். தவக்காலம் வருகிறது, இந்த வருஷம் கறியை விடுவதா காபியை விடுவதா என்று அம்மா கேட்டாள், நான் வேறொன்றை விடப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அது நாற்பது நாளில் முடிகிற வேலையா என்று தெரியவில்லை. ஆண்டவர் உன் எலும்பையும் உன் வேலையையும் உன் ஜெபத்தையும் சேர்த்துக் காப்பாற்றட்டும், மாதா உன்னோடு நடந்து வரட்டும், அப்பாவின் சிலுவை அடையாளம் உன் நெற்றியில்.

ஒன்றே ஒன்று மறக்காதே. சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து வீட்டுக்குள் வந்ததும் அம்மா முதல் வேலையாக உனக்குத்தான் போன் போடுகிறாள், என்ன பார்த்தாள் என்பதையெல்லாம் உன்னிடம் கொட்டிவிடுகிறாள், எனக்கு மிச்சம் ஒன்றும் வருவதில்லை. இந்த வாரத்திலிருந்து முதல் தடவை அடித்தால் எடுக்காதே கனி, ஒரு பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடு. நீ எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் நான்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லூர்துசாமி